வண்டியும் பாரமும்

மோட்டார் வண்டியைப் பற்றி எழுத இலக்கியப் பக்கத்தில் என்ன இடமிருக்கிறது என்று அன்பர் சிலர் வினவக்கூடும். அவ்வாறு வினவுவோர், அமெரிக்க எழுத்தாளர் ஜோன் ஸ்டீன்பெக் 1939ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘த கிரேப்ஸ் ஒவ் ராத்’ என்னும் நாவலை மறுபடி ஒருமுறை புரட்டிப் பார்த்தல் வேண்டும். ஒக்லஹோமா மாநிலத்திலே புழுதிக்கும் கடனுக்கும் நிலத்தைப் பறிகொடுத்த ஜோட் குடும்பத்தினர் கலிபோர்ணியாவுக்குப் புறப்பட ஆயத்தமாகிறார்கள். அவர்கள் தேடிக்கொண்ட வாகனம் ஒரு பழைய ஹட்சன் கார். அதன் கூரை உளியால் இரண்டாக வெட்டப்பட்டு, பின்பாதியில் லொறித்தட்டு ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. கிழத் தந்தை அந்தத் தட்டின்மேல் நின்று பக்கச் சட்டங்களை ஆணியடித்துக் கொண்டிருக்கும் வேளையிலேதான், சிறையிலிருந்து விடுபட்ட மகன் டொம் வீடு வந்து சேர்கிறான்.

புறப்படுவதற்கு முந்திய இரவு நாவலின் உயிர்நிலைகளுள் ஒன்று. தட்டுமுட்டுச் சாமான்களையும் கருவிகளையும் குதிரைகளையும் விற்றுவரச் சென்றவர்கள் 18 டொலரோடு தலைகுனிந்து திரும்புகிறார்கள். பின்பு குடும்பம் முழுவதும் அந்த லொறியின் அருகிலே கூடி ஆலோசனை செய்கிறது. அடுப்பங்கரையிலே நிகழ்ந்திருக்க வேண்டிய கூட்டம் வண்டியின் பக்கத்துக்கு இடம் பெயர்ந்துவிட்டதை ஆசிரியர் நமக்குச் சுட்டிக்காட்டாமல் விடவில்லை. எஞ்சினின் இயல்பை அறிந்தவன் என்ற ஒரே தகுதியினால், பதினாறு வயதுப் பையன் ஆல் பெரியோர் வரிசையில் இடம் பெறுகிறான். பன்னிரண்டு பேருக்கே இடம் போதாத வண்டியில், பதின்மூன்றாமவராக முன்னாட் போதகர் கேசியையும் ஏற்றலாமா என்ற பேச்சு எழுகின்றது. தந்தை இடத்தையும் உணவையும் கணக்கிடுகிறார். தாயோ, இடத்தின் கணக்கு ஒருபுறமிருக்க நம் மனம் இசைகிறதா என்பதையே பார்க்கவேண்டும் என்னும் பொருள்படப் பேசி, அந்த விவாதத்தை முடித்துவைக்கிறாள். சற்று நேரத்தின் பின் அவள் தனியே இருந்து, கடிதங்களும் புகைப்படங்களும் பத்திரிகைத் துணுக்குகளும் வைத்திருந்த சிறு பெட்டியைத் திறக்கிறாள். மோதிரம், காதணி முதலிய சிலவற்றை மாத்திரம் எடுத்துக்கொண்டு, பெட்டியை அடுப்புத் தணலின்மீது மெல்ல வைத்துவிடுகிறாள்.

காரை லொறியாக்கிய கதை இது. எதை ஏற்றுவது, எதை இறக்கிவிடுவது, யாருக்கு இடங்கொடுப்பது என்னும் கேள்விகளை வறுமை அந்தக் குடும்பத்தின் முன் கொண்டுவந்து நிறுத்தியது. விந்தை யாதெனின், வறுமை ஏதுமின்றி, முழு விருப்பத்தோடு காரைக் கொடுத்து லொறியை வாங்கிக்கொள்ளும் ஒரு கூட்டம் இன்று அதே நாட்டின் மேற்கு மாநிலங்களிலே பெருகி வருகின்றது. அவர்கள் போவது பிழைப்பைத் தேடி அன்று; மலையையும் பாலைநிலத்தையும் பார்த்து, அங்கேயே சில இரவுகள் உறங்கி வருவதற்காகப் போகிறார்கள். ஆயினும் ஜோட் குடும்பத்துத் தாயின் முன் நின்ற கேள்வியிலிருந்து அவர்களும் தப்பிவிடுவதில்லை. அதனை எடுத்துக்காட்டவே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில் வாழும் ஒரு கணவனையும் மனைவியையும் கற்பனை செய்துகொள்வோம். கற்பனைதான் எனினும், அவர்களைப் போன்றோர் அங்கே ஆயிரக்கணக்கில் உளர். அவர்களிடம் பத்து வருடங்களாக ஒரு சிறு ஸ்டேஷன் வாகன் இருக்கிறது. கூரை பின்புறம் தாழாமல் நீண்டு செல்வதும், எஞ்சினின் விசை நான்கு சில்லுகளுக்கும் எப்பொழுதும் பகிர்ந்தளிக்கப்படுவதுமான கார். பின்னாசனத்தை மடித்துவிட்டால் இருவர் படுக்கலாம். பஞ்சணை ஒன்றை வாங்கி, சில்லுகளின் மேலே புடைத்திருக்கும் இடங்களுக்கு ஏற்ப வளைவாக வெட்டி, உள்ளே பொருந்தச் செய்திருக்கிறார்கள். தலைமாட்டில் ஒரு விளக்கு. கால்மாட்டில் ஓர் அடுப்பும் இரண்டு கோப்பைகளும். வெள்ளிக்கிழமை மாலை புறப்பட்டால், ஏறக்குறைய 350 மைல் தூரத்திலுள்ள மோவாப் என்னும் யூற்றா மாநிலத்துச் சிற்றூரை நள்ளிரவுக்கு முன் அடைந்துவிடலாம். அதற்கப்பால், செம்பாறைகளும் வானமுமே.

அங்கு உறங்குவதற்கு விடுதி தேடவேண்டியதில்லை. அமெரிக்க மத்திய அரசின் நில முகாமைப் பணியகத்தின் பொறுப்பில் 24 கோடியே 50 இலட்சம் ஏக்கர் அளவான பொதுநிலம் இருக்கின்றது. நமது இலங்கையின் பரப்பைப் போல் ஏறத்தாழப் பதினைந்து மடங்கு என்று கொள்ளலாம். பெரும்பகுதி மேற்கு மாநிலங்களிலும் அலாஸ்காவிலும் உள்ளது. அந்நிலங்களிற் பெரும்பாலானவற்றில் எவரும் 14 நாள் வரை கட்டணமின்றிக் கூடாரமடித்துத் தங்கலாம். காணி ஒவ்வொன்றுக்கும் வேலியும் வேலிக்கொரு வழக்கும் கண்டு வளர்ந்த நம்மவர்க்கு இது நம்புதற்கரியதாகவே தோன்றும்.

இத்தகைய சிறு வாகன்கள் பிறந்த வரலாறு சுவையானது. யப்பானின் வடகிழக்குப் பகுதியான தோஹோகுவில் பனி மிகுதி. அங்குள்ள மின்சாரக் கம்பனியின் தொழிலாளர் குளிர்காலத்திலே மலைப்பாதைகளில் மின்கம்பிகளைப் பார்வையிடச் செல்வதற்கு ஜீப் வண்டிகளையே நம்பியிருந்தனர். ஜீப் எங்கும் ஏறும். ஆனால் உள்ளிருப்பவர் குளிரில் விறைத்துப்போவர். ஜீப்பைப் போல் ஏறவும் காரைப் போல் வெதுவெதுப்பாக இருக்கவும் கூடிய ஒரு வண்டி கிடையாதா என்ற தேவையிலிருந்து, 1971ஆம் ஆண்டளவில் மியாகி மாவட்டத்து சுபாரு விற்பனையாளரின் பட்டறையில் ஒரு பரீட்சார்த்த வாகன் உருவாயிற்று. 1972இல் அக்கம்பனி ‘லியோனி’ என்ற பெயருடைய நாற்சில்லு உந்து வாகனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் அது அமெரிக்காவையும் அடைந்து, மலைநாட்டு ஆசிரியர்களுக்கும் தாதியருக்கும் தபால்காரருக்கும் உகந்த வண்டியாயிற்று. 1990களின் நடுப்பகுதியில் அதே குடும்பத்திலிருந்து ‘அவுட்பாக்’ என்ற வாகன் வந்தபின், பாதி நகரத்துக்கும் பாதி காட்டுக்கும் உரிய இந்த வகை நிலைபெற்றுவிட்டது.

சுபாரு என்ற சொல்லின் பொருளையும் ஈண்டுக் குறிப்பிடல் தகும். யப்பானிய மொழியில் அது கார்த்திகை விண்மீன் கூட்டத்தின் பெயர். வண்டியின் முகப்பில் பொறித்த இலச்சினையிலும் ஆறு மீன்களே காணப்படும். பழந்தமிழர் அக்கூட்டத்தை அறுமீன் என வழங்கினர். முருகனைப் பாலூட்டி வளர்த்த கார்த்திகைப் பெண்களும் அறுவரே. வெறுங்கண்ணுக்குத் தெளிவாகப் புலப்படுவன ஆறு மீன்கள் என்பதில் யப்பானியரும் தமிழரும் ஒன்றுபட்டிருப்பது எண்ணி மகிழத்தக்கது.

நிற்க. நம் கணவனும் மனைவியும் அந்த அறுமீன் வண்டியை விட்டுவிட எண்ணியது ஏன்?

மோவாப் நகருக்கு மேற்கே கன்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்கா உளது, 1964இல் அமைக்கப்பெற்றது. அதனுள்ளே கொலராடோ, கிறீன் என்னும் இரு ஆறுகளின் பள்ளத்தாக்குகளுக்கு மேலே, வெண்மணற்கல் விளிம்பை ஒட்டி ஏறத்தாழ 100 மைல் சுற்றிவரும் ஒரு மண்பாதை செல்கின்றது. வைட் றிம் வீதி என்பது அதன் பெயர். அமெரிக்க அணுசக்தி ஆணைக்குழு 1950களிலே யுரேனியம் தேடுவோர்க்காக வெட்டிய பாதை அது. யுரேனியம் அங்கே அவ்வளவாகக் கிடைக்கவில்லை, பாதைதான் எஞ்சியது. அதிலே செல்லும் மோட்டார் வண்டி நிலத்துக்கு மேலே நன்கு உயர்ந்ததாயும், தாழ்நிலைக் கியர் உடையதாயும் இருத்தல் வேண்டும் என்பது பூங்கா நிர்வாகத்தின் விதி. நான்கு சில்லுகளுக்கும் விசை செல்கிறது என்ற சான்று மட்டும் அங்கே செல்லாது.

தாழ்நிலைக் கியர் என்பது யாது? சாதாரண கியர்ப்பெட்டிக்கும் சில்லுகளுக்கும் இடையே மற்றொரு பெட்டி இருக்கும். அதன் நெம்பை மாற்றிவிட்டால், எஞ்சின் அதே வேகத்திற் சுழல, சில்லுகள் இரண்டரை மடங்கு மெதுவாகச் சுழலும். சுழற்றும் விசை அதே அளவு மிகும். செங்குத்தான பாறையில் ஆள் நடப்பதிலும் மெதுவாக ஏறுவதற்கும், இறங்கும்போது பிரேக்கைச் சூடாக்காமல் எஞ்சினின் பிடியிலேயே இறங்குவதற்கும் இது இன்றியமையாதது. ஸ்டேஷன் வாகனில் இப்பெட்டி இல்லை. எனவே நம்மிருவரும் பள்ளத்தாக்கின் உச்சி விளிம்பிலே நின்று, கீழே வெண்கோடாகத் தெரியும் அந்தப் பாதையைப் பல வருடங்களாகப் பார்த்துத் திரும்பியவர்கள். ஆசை அங்கேதான் வேர்விட்டது. அதனோடு முதுகுவலியும் சேர்ந்துகொண்டது. நாற்பது வயதுக்கு மேல் காருக்குள் முழந்தாளில் தவழ்ந்து சென்று காற்சட்டை மாற்றுவது பொழுதுபோக்காகாது.

ஆகவே பிக்கப். நமது நாட்டில் ‘டபிள் கப்’ என வழங்கும் அதே இனம். முன்னே நால்வர் இருக்கும் அறை, பின்னே திறந்த தட்டு. அமெரிக்கர் வாழ்க்கையில் அது நெடுங்காலம் வேளாளனின் வண்டியாகவே இருந்தது. ஹென்றி போர்ட்டின் கம்பனி, தன் ‘மொடல் ரி’ காரின் பின்புறத்தில் சிறு தட்டைப் பொருத்தி, 1925இல் 281 டொலருக்கு விற்கத் தொடங்கியது. அதற்கு முன் உழவர் தாமே காரின் பின்பகுதியை அறுத்து இதைச் செய்துகொண்டிருந்தனர். ஜோட் குடும்பத்தின் ஹட்சன் அந்த மரபில் வந்ததே. வைக்கோலும் கன்றுக்குட்டியும் ஏறிய தட்டிலே, காலம் செல்லச் செல்ல, மீன்பிடி ஓடமும் கூடாரமும் ஏறின. பின்னர் படுக்கையும் சமையலறையும் கொண்ட சிறு அறையே ஏறிவிட்டது.

இவ்விடத்தில் ஒரு கோழிக்கதையும் உண்டு. 1960களின் தொடக்கத்தில் ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழியிறைச்சிக்கு உயர்ந்த வரி விதித்தன. அதற்குப் பதிலடியாக அமெரிக்கா, 1964இல் நடைமுறைக்கு வந்த ஆணையொன்றினால், வெளிநாட்டுச் சிறு லொறிகளுக்கு நூற்றுக்கு 25 வீதம் சுங்கம் விதித்தது. கோழிச் சண்டை ஓய்ந்தும் லொறி வரி பல தசாப்தங்கள் நின்று நிலைத்தது. 1970களின் பிற்பகுதியில் சுபாரு கம்பனியார் தமது வாகனின் உடலிலேயே ஒரு சிறு பிக்கப்பைச் செய்து அமெரிக்காவுக்கு அனுப்பியபோது, பின்தட்டிலே இரண்டு பிளாஸ்டிக் ஆசனங்களை வைத்து, இது லொறியன்று, பயணிகள் வண்டி என வாதித்துச் சுங்கத்தைக் குறைத்துக்கொண்டார்கள். ‘பிராட்’ எனப்பட்ட அந்த விசித்திர வண்டியொன்றை, பின்னாளில் ஜனாதிபதியான றொனால்ட் றீகன் தம் மலைப்பண்ணையிலே வைத்திருந்தார். காருக்கும் லொறிக்கும் இடையிலான எல்லை எங்கே என்பதைச் சுங்க அதிகாரிகளே தீர்மானிக்க முடியாது திணறியபோது, சாதாரண மனிதர் குழம்புவதில் வியப்பென்ன?

பிக்கப் வந்த முதல் மாதம் தம்பதிகளுக்கு உவகை மிகுதி. உயர்ந்த ஆசனம், நீண்ட பார்வை. வாகனிலே தலைகுனிந்து செய்தவற்றையெல்லாம் நிமிர்ந்து நின்று செய்யலாம். வியப்புகள் குளிர்காலத்தோடு வந்தன.

முதல் வியப்பு பனியில் ஏற்பட்டது. வாகன் எவ்வித முன்னறிவிப்பும் வேண்டாமல் நான்கு சில்லுகளாலும் பற்றிச் சென்றது. பிக்கப்போ, சாரதி ஆணையிடும்வரை பின்சில்லு இரண்டினால் மாத்திரமே செல்வது. பின்தட்டு வெறுமையாயிருக்கும்போது அந்தப் பின்சில்லுகளின்மீது பாரம் குறைவு. பனியுறைந்த வளைவிலே வண்டியின் வால் தன் போக்கில் வழுக்கத் தொடங்கிவிடும். நாற்சில்லு உந்துகைக்கு மாற்றலாம். ஆனால் அந்த ஏற்பாடு முன் அச்சையும் பின் அச்சையும் ஒன்றோடொன்று பூட்டிவிடும் இயல்பினது. வளைவில் முன்சில்லுகள் பின்சில்லுகளைவிட நீண்ட வட்டத்தில் ஓடவேண்டும். பூட்டப்பட்ட அச்சுகள் அதற்கு இடங்கொடா. பனியிலும் மணலிலும் சில்லு சிறிது சறுக்கி அந்த வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார் வீதியிலோ பல்லுருளைகள் நெரிபட்டு வண்டி முனகும். எனவே வெயிலும் பனியும் மாறிமாறி வரும் மலைவீதியிலே, சாரதி அடிக்கடி நெம்பை மாற்றவேண்டியவனாகிறான். வெறுந்தட்டில் மணல்மூட்டை ஏற்றிவைப்பது அங்குள்ளோர் கைக்கொள்ளும் பழைய பரிகாரம். சுமப்பதற்கென்று வாங்கிய வண்டி, சுமையின்றி ஓடவே அஞ்சுகிறது.

இரண்டாம் வியப்பு அளவுகோலில் இருந்தது. அவுட்பாக் வாகனின் அடிப்பாகம் நிலத்திலிருந்து 8.7 அங்குல உயரத்தில் நிற்பது. 2016க்கும் 2023க்கும் இடையில் வெளிவந்த டொயோட்டா டக்கோமா பிக்கப்பின் நாற்சில்லு வகைகள் பலவற்றில் அது 9.4 அங்குலம். ஓர் அங்குலத்துக்கும் குறைந்த வேறுபாட்டுக்காகவா இத்தனை பணம் என்று தோன்றும். முன்னே நீண்ட மூக்கு வாகனுக்கு உண்டு, பிக்கப்புக்குக் குறைவு. ஆகவே படிக்கட்டு போன்ற பாறையிலே பிக்கப் முட்டாமல் ஏறும் என்பது உண்மை. ஆனால் முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடைப்பட்ட தூரம் வாகனில் 108 அங்குலம்; பிக்கப்பில் 127 அங்குலம். மேட்டின் உச்சியைக் கடக்கும்போது நடுவயிறு உராய்வது நீண்ட வண்டிக்கே எளிது. பெற்றோலையும் சொல்லவேண்டும். ஒரு கலனுக்கு 28 மைல் ஓடிய இடத்தில் 20 மைல் ஓடுகிறது. 5,000 மைல் கொண்ட ஒரு கோடைப் பயணத்துக்கு ஏறக்குறைய 70 கலன் மிகுதியாக வேண்டும்.

இவை யாவும் பொறுத்துக்கொள்ளத்தக்கவை. மூன்றாவது வியப்பே உண்மையான வியப்பு. அது கதவின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருக்கும் ஒரு சிறு தாளிலே இருந்தது.

அமெரிக்காவில் விற்கப்படும் ஒவ்வொரு காரிலும் சிறு லொறியிலும் சாரதியின் கதவுத் தூணில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருத்தல் வேண்டும். இவ்வண்டியில் ஏறும் ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை இறாத்தலை மிஞ்சலாகாது என்பது அதில் அச்சிடப்பட்டிருக்கும். வாகனின் தாளிலே ஏறத்தாழ 900 இறாத்தல் என்று இருந்திருக்கும். வாகனின் உள்ளே இடம் நிரம்பிவிடுவதால் அந்த எல்லையை எவரும் எளிதில் தொடுவதில்லை. பிக்கப்பின் தாளிலே 1,200 இறாத்தல் என்று வைத்துக்கொள்வோம். இத்தனை பெரிய லொறிக்கு 300 இறாத்தல்தான் அதிகமா என்று எண்ணத் தோன்றுகிறதல்லவா? இனிக் கணக்கைப் பார்ப்போம். கணவனும் மனைவியும் 330 இறாத்தல். பின்தட்டில் ஏற்றிய, துணிச்சுவருடன் கூரை மேலெழும் சிறு அறை, உள்ளே ஒரு கரண்டியும் வைக்காத நிலையில் 800 இறாத்தல். பாலைநிலத்துக்கு வேண்டிய தண்ணீர் 20 கலன். அமெரிக்கக் கலன் ஒன்று 8.34 இறாத்தல் ஆதலால், 167 இறாத்தல். கூட்டினால் 1,297. அரிசியும் அடுப்பும் கம்பளமும் கருவிப்பெட்டியும் மேலதிகச் சில்லும் இன்னும் வரவில்லை. நாயும் வரவில்லை. எல்லை ஏற்கெனவே கடந்தாயிற்று.

எல்லை கடந்த பாரம் உடனே தன்னைக் காட்டிக்கொள்ளாது. வண்டி ஓடும். ஆனால் பின்வில்லுகள் தாழ்ந்து முன்சில்லுகள் இலேசாகும்; நிறுத்தும் தூரம் நீளும்; ரயர்கள் வெப்பமேறும். பெரிய வண்டியை வாங்கியவன் பெரிய இடம் கிடைத்துவிட்டதாக நம்புகிறான். கிடைத்தது இடமே, பாரத்துக்கான உரிமை அதே அளவில் கூடவில்லை. வாகனில் இடம் அவனைத் தடுத்தது. பிக்கப்பில் தடுப்பதற்கு ஒன்றுமில்லை. தானே தன்னைத் தடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பிழையை மிகப்பெரிய மனிதர் ஒருவரும் செய்திருக்கிறார். அவர் வேறு யாருமல்லர். ஜோட் குடும்பத்தைப் படைத்த அதே ஸ்டீன்பெக்தான்.

தம் 58ஆவது வயதில், தாம் எழுதிவந்த நாட்டைத் தாமே நெடுநாளாகக் காணவில்லை என்ற உறுத்தல் அவருக்கு உண்டாயிற்று. ஜீ.எம்.சி. கம்பனியிலிருந்து முக்கால் தொன் பிக்கப் ஒன்றைத் தருவித்து, சிறு படகின் அறையைப் போன்றதொரு வீட்டை அதன் தட்டிலே அமைப்பித்தார். டொன் குயிக்சோட்டின் மெலிந்த குதிரையின் பெயரான ரொசினாந்தே என்பதை வண்டியின் பக்கத்தில் பழைய ஸ்பானிய எழுத்தில் எழுதுவித்தார். நியூயோர்க் மாநிலத்தின் சாக் ஹாபர் என்னும் கரையூரிலிருந்து 1960 செப்ரெம்பர் 23ஆம் திகதி, சார்லி என்ற நாயை அருகில் அமர்த்திக்கொண்டு புறப்பட்டார். ஏறக்குறைய 10,000 மைல் சுற்றி வந்தபின் எழுதிய நூல் ‘ட்ராவல்ஸ் வித் சார்லி’, 1962இல் வெளிவந்தது. நோபெல் பரிசும் அதே ஆண்டிலே அவருக்குக் கிடைத்தது.

அந்நூலின் தொடக்கத்தில் அவர் ஏற்றிய சாமான்களைத் தாமே நகைத்துக்கொண்டு வருணிக்கும் பகுதி, எம்மைப் போன்ற புத்தகப்பித்தர் அனைவரும் படித்து நாணத்தக்கது. தாம் பிரயாணத்திலே குறிப்பெழுதும் பழக்கமில்லாதவர் என்பது அவருக்குத் தெரியும். ஆயினும் பத்து நூல்களுக்குப் போதுமான எழுதுபொருள்களை ஏற்றினார். இத்தனை காலமும் படிக்கக் கிட்டாத புத்தகங்களை, இனியும் படிக்கமாட்டோம் என்று அறிந்துகொண்டே, 150 இறாத்தல் அளவுக்கு ஏற்றினார். கருவிகள், உணவு, மதுவகைகள், துப்பாக்கிகள் எனச் சுமை வளர்ந்தது. பயனுள்ள உபாயங்களும் இல்லாமலில்லை. மூடியுள்ள ஒரு வாளியை இழுபடும் கயிற்றிலே தொங்கவிட்டு, அழுக்குத் துணியையும் சவர்க்காரத் தூளையும் நீரையும் உள்ளே இட்டு மூடிவிடுவார். நாள் முழுவதும் வீதியின் குலுக்கலே சலவை செய்துகொடுக்கும். சுமையைத் தொழிலாக்கிய அந்த ஒரு வாளிக்காக அவரை மன்னிக்கலாம் போலிருக்கிறது.

வண்டி மன்னிக்கவில்லை. ஓரிகன் மாநிலத்திலே, மழை பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாரந்தாங்காது ரயர் வெடித்தது. சேற்றில் படுத்து மாற்றுச் சில்லைப் பூட்டினார். அந்தப் பாரத்துக்கு ஏற்ற கனத்த ரயர்கள் சிறு ஊர்களில் கிடைப்பது அரிது. கடையடைத்த அந்நாளிலும், பெற்றோல் நிலையத்தார் ஒருவர் தேடியலைந்து உரிய ரயர்களைப் பெற்றுக்கொடுத்ததை அவர் நன்றியோடு எழுதியுள்ளார்.

பிற்காலத்தில் இந்நூலைப் பற்றி ஒரு சர்ச்சையும் எழுந்தது. பில் ஸ்டைகர்வால்ட் என்னும் பத்திரிகையாளர் 2010இல் அதே வழியே சென்று, ஸ்டீன்பெக்கின் கடிதங்களையும் கையெழுத்துப் படியையும் ஒப்புநோக்கி ஆராய்ந்தார். பிரயாணத்தின் கணிசமான பகுதியில் மனைவி உடனிருந்தமையும், பல இரவுகளை எழுத்தாளர் வண்டியில் அன்றி விடுதிகளிலும் நண்பர் வீடுகளிலும் கழித்தமையும் அவர் ஆய்வினால் தெரியவந்தன. நூலின் ஐம்பதாம் ஆண்டுப் பதிப்புக்கு முன்னுரை வழங்கிய ஜே பரீனி, இதனைச் சொல்லுக்குச் சொல் உண்மையான பிரயாணக் குறிப்பாகக் கொள்ளலாகாது என்று ஒப்புக்கொண்டார். இதனால் நூலின் சுவை எனக்குக் குறைந்துவிடவில்லை. ஆனால் அத்தனை அக்கறையோடு கட்டிய அந்தச் சிறு வீட்டிலே, வாசகர் நம்பிய அளவுக்கு அதன் சொந்தக்காரர் உறங்கவில்லை என்பதை, பிக்கப் வாங்க எண்ணுவோர் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ரொசினாந்தே இப்பொழுது கலிபோர்ணியாவிலே, அவர் பிறந்த சலீனாஸ் நகரத்து ஸ்டீன்பெக் நிலையத்தில் நிற்கிறது.

நம் டென்வர்த் தம்பதிகளிடம் திரும்புவோம். நெடுஞ்சாலையோரத்தில் பெரிய லொறிகளை நிறுக்கும் தராசு மேடைகள் உண்டு. சில டொலர் கொடுத்தால் எவரும் தம் வண்டியை நிறுத்துப் பார்க்கலாம். இளவேனிலில், வைட் றிம் வீதிக்கு அநுமதிச் சீட்டுப் பெற்றுக்கொண்ட பின்னர், முழுச் சுமையோடு அவர்கள் மேடையில் ஏறினார்கள். வந்த எண் எல்லையை 400 இறாத்தலால் மிஞ்சியிருந்தது. வீட்டு முற்றத்துக்குத் திரும்பி, எல்லாவற்றையும் கீழே இறக்கிப் பரப்பினார்கள்.

முதலில் போனது இரும்புச் சட்டி. அடுத்து இரண்டாவது மேசை. பின்பு, ஏன் வாங்கினோம் என்று இருவருக்கும் நினைவில்லாத ஓர் உலோகப் பெட்டி. தண்ணீரைக் குறைக்கலாமா என்ற பேச்சு எழுந்து உடனே அடங்கியது; பாலையிலே அதைக் குறைப்பது அறிவீனம். கணவர் தம் கருவிப்பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பாதியை மனமின்றி ஒதுக்கினார். மனைவி தம் புத்தகக் கூடையிலிருந்து மூன்றை வைத்துக்கொண்டு ஏனையவற்றை உள்ளே கொண்டு சென்றார். அப்படியும் போதவில்லை. இறுதியில் தட்டின் மீதிருந்த அந்த அறையையே கழற்றி விற்று, 200 இறாத்தலுக்கு மேற்படாத எளிய மூடியொன்றைப் பொருத்துவதென முடிவாயிற்று. நிமிர்ந்து நிற்க முடியாது. தவழ்ந்துதான் படுக்கைக்குச் செல்லவேண்டும். இதைக் கேட்டு மனைவி நெடுநேரம் சிரித்தார்.

நாயை விட்டுச் செல்வது பற்றி ஒருவரும் பேசவில்லை.

பழைய வாகன் அதுவரை முற்றத்திலேயே நின்றது. விற்க மனமின்றி மாதங்கள் கடந்திருந்தன. அந்த வாரத்திலே பல்கலைக்கழக மாணவி ஒருத்தி வந்து பார்த்து, விலை பேசி, சாவியைப் பெற்றுக்கொண்டாள். சில்லுகளின் புடைப்புக்கு ஏற்ப வளைவாக வெட்டிய அந்தப் பஞ்சணை இன்னும் உள்ளேயே கிடந்தது. எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று கணவர் ஒரு கணம் அளந்து பார்த்தார். வேறெந்த வண்டிக்கும் அது பொருந்தாது. விலையின்றி அதுவும் வாகனோடு போயிற்று.